மச்சாது வீட்டு ஆர்கன்

வாருங்கள் சாமி, உள்ளே வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், தரை முழுக்க உப்புப் பொரிந்து கிடக்கிறது, காலில் குத்தும். அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஆடும். இதில் உட்காருங்கள். இங்கிருந்து பார்த்தால்தான் ஆர்கன் முழுசாகத் தெரியும்.

எப்படி இருக்கிறது? வருகிற எல்லாரும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். ஒரு வீட்டுக்குள் இவ்வளவு பெரிய சாமானா என்று மலைத்துப் போவார்கள். முன்னால் வெள்ளையாக மின்னுகிறதே, அவையெல்லாம் ஈயமும் தகரமும் கலந்த குழல்கள். அவற்றுக்குப் பின்னால் சுவரோடு சுவராக, கறுப்பாக, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நிற்கின்றனவே, அவை மரம். அசல் தேக்கு. தடிமனான சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும். கையை வைத்துப் பாருங்கள். ஏன் சாமி தயங்குகிறீர்கள்? மரம்தானே.

நீங்கள் வந்த காரியம் எனக்குத் தெரியும். பங்குச் சாமியாராக வந்து புதுக் கோயில் கட்டிவிட்டீர்கள். கோயிலில் பாட்டுக்கு ஒன்றும் இல்லை. நான் இதைச் சும்மா தருகிறேன் என்று எழுதிவிட்டேன். ஒரே ஒரு ஆசைதான் கேட்டேன், அபிஷேகப் பூசையன்று நான்தான் வாசிக்க வேண்டும். எத்தனையோ வருசமாக எந்தக் கோயிலிலும் நான் வாசித்ததில்லை சாமி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்துவிட்டு, கூட்டம் எழுவதற்குள் எழுந்து வந்துவிடுகிறேன். இந்த ஒரு நாள் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து வாசித்துவிட்டால் போதும். பிறகு என்னை எடுத்துப் போய் எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள்.

நீங்கள் சரி என்று பதில் எழுதினீர்கள். இப்போது நேரில் வந்து உட்கார்ந்துகொண்டு யோசிக்கிறீர்கள். உங்கள் கோயில் கமிட்டி ஆட்கள் என்னவோ சொல்லியிருக்கிறார்கள். மெல்கியோர் சொன்னானா? சொல்லுவான். அவன் அப்பன் சந்தியாகு எங்கள் தோணியில் கலாசியாக, பாய் இழுக்கிறவனாக இருந்தவன். இதைத் தூக்க ஆள் தர மாட்டேன் என்றானா? நினைத்தேன். சாமி, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் நான் பெரிய கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆர்கன் என்றா சொன்னேன்? காலால் மிதிக்கிற பெட்டி. தொண்டை கட்டினவன் மாதிரிச் சத்தம் போடும். அதையும் நான் பேச வைத்தேன். லடிஸ்லாஸ் மச்சாது வாசிக்கிறான் என்றால் பூசைக்கு வராதவனும் வருவான். அது சிலபேருக்குப் பொறுக்கவில்லை. ஒரு கல்யாணப் பூசையில் நான் வருகைப் பாட்டைக் கொஞ்சம் விரித்து வாசித்துவிட்டேன். பொண்ணு வாசலிலேயே நின்று வேர்த்து, பவுடர் எல்லாம் கரைந்து போயிற்றாம். “ஓய் மச்சாது, நீரு வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள முதப் பிள்ளைக்கு ஞானஸ்நானமே குடுத்திருக்கலாம்வே” என்று பெரிய சாமியார் எல்லார் முன்னாலும் சொன்னார். சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு போனால் என் இடத்தில் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். இடது கை இருப்பதையே மறந்து வாசிக்கிற மனுசன்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். எனக்கென்று ஒரு ஆர்கன், என் வீட்டில். மிதிக்கிற பெட்டி இல்லை, குழல் வைத்த ஆர்கன். அந்தச் சாமியாரே வந்து இந்த ஹாலில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டக்காரத் துரை ஒருவன் தன் பங்களாவுக்கென்றே ஒன்றைக் கப்பலில் வரவழைத்து மாட்டியிருந்தான். ஊரைவிட்டுப் போகும்போது அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஷெல்டன் என்கிற ஆங்கிலோ இந்தியர் எனக்குச் சொல்லி அனுப்பினார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். மலையில் கேட்பாரற்று நின்றது என் வீட்டுக்கு வந்தது. அதோ பாருங்கள் மேலே, மாடித் தளத்தை வெட்டி எடுத்த அடையாளம். குழல் உயரத்துக்கு வீடு போதவில்லை. மேலே தெக்லாவின் அறை இருந்தது. என் தங்கை. “அவளுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய ரூம்பு, கட்டிக்குடுத்துப் போகப்போறவதானே” என்று வெட்டிவிட்டோம். அவளே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள். நல்ல பெண்.

கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், ஈயக் குழல் எல்லாம் பத்திரம். மரக் குழல் அத்தனையும் கரையான் தின்று மண்ணாக இருந்தது. ஷெல்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “மிஸ்டர் மச்சாது, பச்சை மரம் நோ. பாடுறப்போ பிளந்துடும். நல்லா காஞ்ச மரம் வேணும், நீளமா, முடிச்சு இல்லாம. இந்த ஊர்ல எங்க கிடைக்கும்?”

எங்கே கிடைக்கும்? என் பட்டறையிலேயே இருந்தது. கடவுள் செயல் பாருங்கள்.

எங்களுக்கு ஒரு தோணி. சலேத்து மாதா என்று பெயர். கொழும்புக்கு ஓடும், வெங்காயமும் கூரை ஓடும் கொண்டுபோகும். அப்பா காலத்துத் தோணி. அதன் அடிப் பலகையை மாற்ற வேண்டும் என்று அப்பா சாகும் முன்னே தேக்குப் பலகை வாங்கி மணலில் போட்டுக் காய வைத்திருந்தார். கஸ்பார் என்று எங்கள் தண்டல், தோணியை ஓட்டுகிறவன், அவன்தான் அந்தப் பலகைகளைப் பிள்ளை மாதிரிப் பார்த்தான். வெயில் ஒரே பக்கம் படக்கூடாது என்று புரட்டிப் புரட்டிப் போடுவான். காய்ந்து, தட்டினால் மணி மாதிரிக் கேட்கும். ஷெல்டன் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது சாமி. சங்கீதம் தெரிந்தவன் கண் அது.

வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கஸ்பார் வந்துவிட்டான்.

“மொதலாளி, பலகை எங்க போவுது?”

“வீட்டுக்கு.”

“வீட்டுக்கு என்னத்துக்கு? வீடு ஒழுகுதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“ஒழுகுதது தோணி, மொதலாளி. அடியில விரல வச்சா விரலு உள்ள போவுது.”

“பஞ்ச அடைச்சுக் குங்கிலியத்த ஊத்துல. அடுத்த வருசம் புதுப் பலகை வாங்கித் தாரேன்.”

“அடுத்த வருசம்னு கடல்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னா அது கேக்காது.”

அப்படித்தான் பேசுவான். பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது. எனக்கு அவன்மேல் பிரியம்தான், இல்லாவிட்டால் சொந்தத் தங்கையை அவனுக்கு நிச்சயம் பண்ணியிருப்பேனா? எங்கள் குடும்பம் என்ன, அவன் குடும்பம் என்ன! ஊரில் ஒருத்தரும் இதைச் சொல்ல மாட்டார்கள். தெக்லா அவன்தான் வேண்டும் என்று நின்றாள், நான் சரி என்றேன். தை பிறந்தால் கல்யாணம்.

பலகை வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் தெக்லா என் முன்னால் வந்து நின்றாள். “அண்ணே, அந்தப் பலகையத் திருப்பி அனுப்பிருங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். “பட்டறைக்காரன் வந்துட்டான், அறுக்கப்போறான், இனிமே எப்பிடித் திருப்பி அனுப்ப?” என்று நான் கேட்டேன். “இன்னும் அறுக்கலைல்லா?” என்றாள். அறுக்கவில்லைதான். மத்தியானம்தான் அறுத்தார்கள். ஆனால் ஷெல்டனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே சாமி. ஒரு பொம்பளைப் பிள்ளை சொன்னாள் என்று வாக்கை மாற்ற முடியுமா?

அறுத்து, இழைத்து, பெட்டி பெட்டியாக ஒட்டி நிறுத்தினார்கள். சின்னத் துருத்தி ஒன்றை வைத்து ஷெல்டன் ஊதிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பெரிய குழல், அதோ ஜன்னல் பக்கம் நிற்கிறதே, அது பேசியபோது முதலில் காதில் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியில் பீங்கான் நடுங்கியது. வாதாமரத்தில் இருந்த காக்கா எல்லாம் ஒன்றாக எழும்பிப் பறந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. நெஞ்சுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. வேலையாட்கள் வெளியே போய் நின்றுகொண்டார்கள். நான் அழுதுவிட்டேன்.

மிச்சம் இருந்தது துருத்தி மட்டும். பெரிய துருத்திக்கு மெத்தென்ற ஆட்டுத்தோல் வேண்டும். கொழும்பில் தனக்குத் தெரிந்த கடையில் இருக்கிறது என்றார் ஷெல்டன். நானோ செசிலியம்மாள் திருநாளுக்கு நாள் குறித்துவிட்டேன். பாட்டுக்காரர்களுக்குப் பாதுகாவலி அல்லவா? நவம்பரில் வருகிறது. பெரிய சாமியாரிலிருந்து பாட்டு வாத்தியார் வரைக்கும் அழைத்தாகிவிட்டது. சாமியார் வருகிறேன் என்றே சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள், என்னைத் துரத்தின மனுசன்!

கஸ்பாரைக் கூப்பிட்டு, ஓடு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வரும்போது தோலை வாங்கி வா என்றேன். அவன் வானத்தைப் பார்த்தான். தோணியைப் பார்த்தான். “இந்த மாசம் வேண்டாம் மொதலாளி. புதுப் பலகை போட்ட தோணியே கரையில கெடக்கு” என்றான்.

கரையில் நாலு தோணிக்காரர்கள் நின்றார்கள். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். “தண்ணியக் கண்டா பயந்துவருதுன்னா தண்டலுக்கு எதுக்குல தலைப்பா? கழத்தி வச்சிட்டு தெக்லா முந்தானையப் பிடிச்சிட்டு அடுப்பாங்கரையில இரி” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன், வெயில் கண்ணில் அடித்தது. “சரி மச்சான், போயிட்டு வாரேன்” என்றான். அதுவரைக்கும் மொதலாளி என்றே கூப்பிட்டவன், அன்றுதான் முதல்தடவை மச்சான் என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது சாமி. உறவு வந்துவிட்டது பாருங்கள் என்று நினைத்தேன்.

எட்டுப் பேர் போனார்கள். கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஓடு இறக்கினார்கள், தோலும் வாங்கினார்கள். அதற்கெல்லாம் சாட்சி இருக்கிறது. திரும்பும்போதுதான் காற்று மாறியது. அப்புறம் தகவல் இல்லை. பல நாள் கழித்து மணப்பாட்டுப் பக்கம் ஒரு பலகைத் துண்டு ஒதுங்கியது. இடுக்கில் பஞ்சு அப்படியே இருந்தது.

எட்டுப் பேரும் போனார்கள். தோலும் போயிற்று. ஷெல்டன் ரொம்ப இடிந்துபோனார், அந்தத் தோல் இனி கிடைக்காது என்று. பிறகு யாரோ சொல்லி, திண்டுக்கல்லில் கேட்டோம். ஒரு வாரத்தில் ரயிலில் வந்து இறங்கிவிட்டது. நல்ல தோல் சாமி. கொழும்புத் தோலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இன்றைக்கு வரைக்கும் அதுதான் ஓடுகிறது.

செசிலியம்மாள் திருநாளன்று ஒருத்தரும் வரவில்லை. சின்னத் துருத்தியை வைத்தாவது வாசித்துவிடலாம் என்று இந்த ஹால் முழுக்க நாற்காலி போட்டிருந்தேன். வாசலில் நின்று நின்று பார்த்தேன். கோயிலில் துக்க மணி அடித்துக்கொண்டிருந்தது. பெரிய சாமியார் அந்த எட்டு வீட்டுக்கும் நடந்து போனாராம். என் வீட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். தலையைக்கூடத் திருப்பவில்லை. எனக்கும் துக்கம்தானே? என் தோணிதானே போனது? எனக்கு யார் வந்து ஆறுதல் சொன்னார்கள்?

அதற்குப் பிறகுதான் ஊரில் கதை கட்டினார்கள். மச்சாது வீட்டுப் பெட்டி காற்றைக் குடிக்கிற பெட்டி, அதை ஊதினதால்தான் கடலில் காற்று எழும்பியது என்று. கடலில் போகிறவன் சீட்டி அடித்தால் காற்று வரும் என்பார்கள் அல்லவா, அதே புத்தி. நீங்களே சொல்லுங்கள், படித்தவர், செமினாரியில் என்னென்னவோ படித்திருப்பீர்கள். வீட்டுக்குள் ஒரு குழலை ஊதினால் நடுக்கடலில் புயல் வருமா? வராதல்லவா? அதைத்தான் நானும் கேட்கிறேன். இத்தனை வருசமாகக் கேட்கிறேன். மெல்கியோரிடம் இதை மட்டும் கேளுங்கள், என்ன சொல்கிறான் பார்ப்போம்.

என்ன சாமி? அவன் காற்றைப் பற்றிச் சொல்லவில்லையா? பலகையைப் பற்றியா?

பலகை என்ன சாமி. புதுப் பலகை போட்ட தோணியும்தான் முங்குகிறது. கடலுக்குக் கணக்கு இருக்கிறதா?

சரி, தெக்லாவைப் பற்றிச் சொல்கிறேன், அப்போது உங்களுக்கே விளங்கும். கஸ்பாரின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தாள். ஷெல்டன் துருத்தியை மாட்டி முடித்திருந்தார். இந்த ஆர்கனில் வாசிக்கிறவன் ஒருத்தன், துருத்தி அடிக்கிறவன் ஒருத்தன், இரண்டு பேர் வேண்டும். இந்தப் பெட்டிக்குப் பின்னால் சின்ன அறை, அதில் ஒரு மரப்பிடி, அதை மேலும் கீழும் அடித்தால்தான் குழலுக்குக் காற்று. துருத்திக்கு யாரை வைக்கலாம் என்று ஷெல்டன் கேட்டார். கூலிக்குக்கூட ஊரில் ஒருத்தனும் வர மாட்டான் அப்போது. தெக்லா வெள்ளைச் சேலையோடு நேரே உள்ளே போனாள். பிடியில் கை வைத்தாள். அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அவள்தான்.

என்னோடு பேசுவதில்லை. அது உண்மை. அன்றையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. சோறு வைப்பாள், துணி மடித்து வைப்பாள், பேச மாட்டாள். ஆனால் சாயங்காலம் நான் இந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்த உடனே பின்னால் துருத்தி ஓடத் தொடங்கிவிடும். கூப்பிட வேண்டியதே இல்லை. கோபம் இருந்தால் செய்வாளா? என் மூச்சே அவள் கையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கரண்டில் ஓடுகிற மோட்டார் ஒன்று வைக்கலாம், உனக்கு வயசாகிவிட்டது என்று போன வருசம் சொன்னேன். மோட்டார்காரன் வந்தான். அவள் பிடியை விடவே இல்லை. அவன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கூலிகூடக் கேட்கவில்லை.

கார்த்திகை மாசம்தான் ஒரு தொந்தரவு. ஈரத்தில் மரம் ஊதி, அடைப்பு சரியாக மூடாது. துருத்தியில் காற்று ஏறினதும் அந்தப் பெரிய குழல் தானாக முனக ஆரம்பிக்கும். நான் கட்டையைத் தொட்டிருக்கவே மாட்டேன். அது வேறொன்றுமில்லை, ஈரம். ஷெல்டனே சொல்லியிருக்கிறார். உங்கள் கோயிலில் சிமெண்டுச் சுவர், ஈரம் இருக்காது.

வாசித்துக் காட்டவா? காட்டத்தான் வேண்டும், கேட்காமல் எப்படி எடுத்துப்போவீர்கள்? தெக்லா!

கேட்டதா, செருப்புச் சத்தம். வந்துவிட்டாள். நீங்கள் வேண்டுமானால் பின்னால் போய் அவள் அடிப்பதையும் பாருங்கள். நான் பார்த்ததே இல்லை சாமி. எப்படிப் பார்க்க? நான் இங்கே உட்கார்ந்தால்தான் அவள் அங்கே அடிப்பாள், நான் எழுந்தால் நிறுத்திவிடுவாள். அடிக்கும்போது வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள் என்று மோட்டார்காரன் சொன்னான். ஜெபமாலையாக இருக்கும். இங்கே சத்தத்தில் ஒன்றும் கேட்காது. போய்ப் பாருங்கள், நான் வாசிக்கிறேன்.

எப்படி இருந்தது? கடைசியில் அந்தப் பெரிய குழலைக் கொடுத்தேனே, தரை அதிர்ந்ததா? உங்கள் கோயிலில் வைத்தால் பீடமே அதிரும்.

என்ன சாமி, முகம் இப்படிப் போயிற்று? உட்காருங்கள். அங்கே காற்று வராது, புழுக்கம். ஜெபமாலைதானே சொல்கிறாள்?

இல்லையா? பெயர்களா?

ஒரு அடிக்கு ஒரு பெயர். கஸ்பார், சந்தியாகு... எட்டுப் பேரும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் நித்திய இளைப்பாற்றி ஜெபம். சரி, நல்லதுதானே சாமி. நவம்பர், ஆத்துமாக்கள் மாசம் அல்லவா. இத்தனை வருசமாக நான் வாசித்ததெல்லாம் அவர்களுக்குப் பூசை மாதிரி ஆகியிருக்கிறது பாருங்கள். இதை மெல்கியோரிடம் சொல்லுங்கள். அவன் அப்பன் பெயர் தினமும் இந்த வீட்டில் சொல்லப்படுகிறது என்று சொல்லுங்கள்.

ஒன்பதாவதா? தோணியில் போனது எட்டுப் பேர்தானே? ஒன்பதாவது யார்?

என் பெயரா? லடிஸ்லாஸ் என்றா சொன்னாள்? நன்றாகக் கேட்டீர்களா?

பார்த்தீர்களா சாமி! நான் சொல்லவில்லையா? பேசாவிட்டால் என்ன, அந்த எட்டுப் பேரோடு சேர்த்து எனக்கும் ஜெபம் சொல்கிறாள். சொந்தத் தங்கை, கட்டிக்கொள்ள இருந்தவனைப் பறிகொடுத்தவள், அவளே எனக்காக வேண்டுகிறாள் என்றால் அப்புறம் மெல்கியோர் யார் என்னைக் கேட்க? இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? இனி நீங்கள் தைரியமாக எடுத்துப்போகலாம்.

ஆனால் சாமி... அந்த ஜெபம் செத்தவர்களுக்குத்தானே சொல்லுவது?

இத்தனை வருசமாகவா?

எழுந்திருக்காதீர்கள். எங்கே போகிறீர்கள்? கமிட்டியில் கேட்க என்ன இருக்கிறது, நீங்கள் சொன்னால் சொன்னதுதான். எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வாசிக்கக்கூட வேண்டாம் சாமி, நான் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். இதை மட்டும் இந்த வீட்டைவிட்டு எடுத்துப் போய்விடுங்கள்.

சாமி, கேளுங்கள். துருத்தி ஓடுகிறது. பெரிய குழல் முனகுகிறது. நான் ஸ்டூலில் உட்காரவே இல்லையே, உங்கள் முன்னால்தானே நிற்கிறேன்.

தெக்லா, நிறுத்து. நான் இன்னும் உட்காரவில்லை.

தெக்லா.